மார்ச் குறிப்புகள், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

மார்ச் 14
பாப்பாவுக்கு அம்மை. முகத்தில் புதிதாக எதுவும் கிளம்பவில்லை, முதுகில்தான் நிறைய. சின்னவனைக் கடலூரில் அத்தை வீட்டில் விட்டாச்சு.

மார்ச் 15
காய்ச்சல் இறங்கியது. இளநீர் மட்டும் குடித்தாள்.

மார்ச் 17
வகுப்பில் ரெண்டு இலக்க எண்ணால் வகுப்பது முடிந்துவிட்டதாம், நோட்டுப் பக்கங்களை வாட்ஸ்அப்பில் வாங்கினேன். பரீட்சை ஏப்ரலில். பாயிலேயே உட்கார வைத்து 7,352 ÷ 23 போட்டோம். இடது கையில் வேப்பிலைக் கொத்து, சொறியக் கை போனால் அதால் தடவிக்கொள்கிறாள். 73-ல் 23 மூணு தடவை, சரி. 5-ஐ இறக்கினால் 45, உடனே ரெண்டு என்கிறாள். 46 ஆகிறதே, ஒன்று கூடிப்போச்சே. அழித்து ஒன்று போட்டாள். அப்புறம் 222. பதினொன்று போகுமா என்று கேட்கிறாள். ஓர் இடத்தில் 9-க்கு மேல் வராது என்றதும் முகம் தெளிந்தது. ஈவு 319, மீதி 15.

23-ஆம் வாய்ப்பாட்டை ஒன்பது வரைக்கும் ஓரமாக எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஊகித்து ஊகித்து அழிப்பதில்தான் பிள்ளைகள் களைத்துப் போகிறார்கள்.

மார்ச் 18
அப்பா வந்து உட்கார்ந்தார். அவர் படித்தது பிரெஞ்சு மீடியம். வகுக்கும் எண்ணை வலப்பக்கம் எழுதி அதற்குக் கீழே ஈவு போடுவார், பெருக்கல் கழித்தல் எல்லாம் மனசுக்குள், மீதியை மட்டும் தாளில் எழுதுவார். பார்க்க அவ்வளவு சுத்தமாக இருக்கிறது, பாப்பாவுக்கும் பிடித்துவிட்டது. இப்போது வேண்டாம் அப்பா என்றேன். எழுதாமல் விட்டால் எந்த வரியில் சறுக்கினாள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மார்ச் 20
சைபர். சைபர். சைபர்.
6,120 ÷ 15-க்கு 48 என்கிறாள். 61-ல் 60 போய் மீதி 1. 2-ஐ இறக்கினால் 12, அதில் 15 போகாது. போகாததால் மேலே எதுவும் எழுதாமல் அடுத்த 0-ஐயும் இறக்கிவிடுகிறாள். போகவில்லை என்றால் அதையும் சொல்லியாக வேண்டும் கண்ணு, அங்கே சைபர் போடு. 408. ஆறாயிரத்தைப் பதினைந்தால் வகுத்தாலே 400 வருகிறது, 48 எப்படி வரும் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். உடம்பு முழுக்க எரிகிற பிள்ளையிடம் எவ்வளவுதான் கேட்பது.

மார்ச் 21
தூக்கமில்லை. சின்னவன் நன்றாக விளையாடுகிறானாம். ஒட்டியிருந்தால் பத்து நாளிலிருந்து 21 நாளுக்குள் தெரியும் என்கிறார் டாக்டர்.

மார்ச் 22
கட்டம் போட்ட நோட்டு வாங்கி வந்தேன். ஒரு கட்டத்துக்கு ஓர் இலக்கம். கீழே ஒன்று இறக்கினால் மேலே ஒரு கட்டம் நிரம்ப வேண்டும், அவ்வளவுதான் சட்டம். 408 வந்தது! அவளாகவே 15-ஆல் பெருக்கி 6,120 வருகிறதா என்று சரிபார்த்தாள்.

மார்ச் 24
எல்லாம் பொருக்குத் தட்டிவிட்டது. தலைக்குத் தண்ணீர் ஊற்றினோம். புருவத்துக்கு மேலே இருக்கிற ஒன்று தழும்பாகிவிடுமோ?

மார்ச் 27
காலையில் அத்தை போன் பண்ணினார். சின்னவனுக்கு நெஞ்சில் ரெண்டு கொப்புளம், மேல் சுடுகிறதாம். பத்து மணி பஸ்ஸைப் பிடிக்கணும். 9,270 ÷ 45 எழுதிக் கொடுத்திருக்கிறேன், நடுவில் சைபர் வரும், அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.