சிங்கப்பூருக்குப் பிரேக் பார்க்கப் போகிறோம்

12 ஜனவரி 2025, ஞாயிறு

துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம். போனில் வந்த வீடியோவை அப்பா நாலு தடவை பார்த்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டே, "எஃப்-ஒன் மட்டும் ஒருக்கா நேர்ல பாக்கோணும் அம்மிணி" என்றார். ஃபார்முலா ஒன், ஊர் ஊராக உலகம் சுற்றி நடக்கும் கார்ப் பந்தயம்.

சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்திலேயே கோவையிலிருந்து ரயிலேறிப் போய்ப் பார்த்தவர் அவர். பிறகு இருங்காட்டுக்கோட்டை, பிறகு பக்கத்திலேயே செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே. முதல் தடவை என்னை அங்கே கூட்டிப்போனபோது கரிவரதனைப் பற்றித்தான் வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். மாருதி என்ஜினை வைத்து நம்ம ஊரிலேயே ஃபார்முலா கார் கட்டியவர், 1995-ல் சிறுவிமான விபத்தில் போய்விட்டவர். எஃப்-ஒன் மட்டும் அப்பாவுக்குக் கைகூடவில்லை.

2011-ல் கிரேட்டர் நொய்டாவில் முதல் இந்திய கிராண்ட் பிரீ, அதாவது எஃப்-ஒன் பந்தயம், நடந்தபோது எல்லாம் பேசி முடித்திருந்தோம். தீபாவளி கழிந்த ஞாயிறு. பட்டறையில் ஆர்டர் நெருக்கியதால் அடுத்த வருடம் என்றோம். அடுத்த வருடமும் அதேதான். மூன்று பந்தயம், மூன்றையும் ஜெர்மன் ஓட்டுநர் வெட்டல் ஜெயித்தார், 2013-ஓடு முடிந்துபோயிற்று. எத்தனையோ நாள் அதை நினைத்து மனசு கசந்திருக்கிறேன். இனி அடுத்த வருடம் என்ற பேச்சே வேண்டாம். அக்டோபர் 3, 4, 5. சிங்கப்பூர் எஃப்-ஒன்.

9 பிப்ரவரி 2025, ஞாயிறு

இன்று முழுக்க சிங்கப்பூர்ப் பந்தயத் தடத்தின் வரைபடம்தான். சுமார் 4.9 கிலோமீட்டர், 19 திருப்பம், 62 சுற்று. எந்த இடத்தில் உட்காருவது?

இருக்கை இல்லாமல் நடந்து பார்க்கும் டிக்கெட் மலிவு. அப்பாவின் மூட்டுக்கு அது ஆகாது. பாடாங் மைதான மேடை விலை தேவலை, கச்சேரி மேடையும் பக்கத்தில். கச்சேரி எங்களுக்கு வேண்டாம். நான் ஆசைப்பட்டது, பந்தய நடுவில் வண்டிகள் டயர் மாற்ற வந்து நிற்கும் பிட் எதிரே. புறப்பாட்டையும் பார்க்கலாம், இரண்டு மூன்று நொடியில் நாலு டயரை மாற்றுவதையும் பார்க்கலாம்.

அப்பா கேட்ட கேள்வி வேறு. "வண்டி எங்க நிக்குது?"

"பிட்லதானுங்கப்பா."

"அதில்ல. எங்க பிரேக் புடிக்கறான்? ஓடறதை டிவியிலயே பாத்துக்கலாம். அந்த வேகத்துல வர்ற வண்டியை எப்படி அமுக்கறான்னு டிவியில தெரியறதில்ல."

நாற்பது வருடமாக லாரிக்கும் பஸ்சுக்கும் பிரேக் டிரம் கடைந்து கொடுப்பவர். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்த வண்டியின் டிரம் எப்படி நீலம் பாரித்திருக்கும் என்று எனக்குச் சின்ன வயதிலேயே காட்டியிருக்கிறார். இந்தக் கேள்வி எனக்குத்தான் முதலில் தோன்றியிருக்க வேண்டும்.

ராஃபிள்ஸ் பூல்வார்டின் நேர்சாலை முடியும் 7ஆம் திருப்பம் என்று முடிவாயிற்று. 300 கிலோமீட்டருக்கு மேல் வந்து, நூறு மீட்டர் சொச்சத்தில் அடக்கி, இடப்பக்கம் திரும்ப வேண்டும். முந்திப் போகிறவர்கள் அதிகம் முயல்வதும் அங்கேதான். பக்கத்திலேயே ஜப்பானியர் ஆட்சியில் மாண்ட பொதுமக்களுக்கான நினைவுச்சின்னம். சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என்று நாலு இனத்துக்கு நாலு தூண். பந்தயத்துக்கு மறுநாள் காலை அங்கே போய்க் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

23 மார்ச் 2025, ஞாயிறு

டிக்கெட் வாங்கியாயிற்று. மூன்று நாளுக்கும், அடுத்தடுத்த இரண்டு இருக்கை. பணம் கட்டும்போது கை நடுங்கியது.

அறைதான் எல்லாவற்றிலும் கனம். பந்தய வாரத்தில் ஊர் முழுக்க வாடகை ஏறிவிடுகிறது. தடம் இருக்கும் மரினா பே பக்கம் தலைவைத்தே படுக்க முடியாது. சிராங்கூன் ரோடு பக்கம் சின்ன அறை ஒன்று பிடித்தேன். லிட்டில் இந்தியா நிலையத்தில் டவுன்டவுன் ரயிலில் ஏறினால் ரோச்சோர், பூகிஸ், மூன்றாவது புரோமெனாட், இறங்கினால் பந்தயத் தடத்தின் வாசல். ஸ்டேஷன் பெயரெல்லாம் தமிழிலும் எழுதியிருக்கும் என்றதும் அம்மா முகத்தில் நிம்மதி. அம்மா வரவில்லை. அத்தனை சத்தம் அவருக்கு ஒத்துக்கொள்ளாது.

15 ஜூன் 2025, ஞாயிறு

இரவு கனடா பந்தயத்துக்காக விழித்திருந்த நேரத்தில் அப்பாவுக்கு எஃப்-ஒன் பிரேக் டிஸ்க்கின் படத்தைக் காட்டினேன். காஸ்ட் அயர்ன் இல்லை, முழுக்கக் கார்பன். முன்சக்கரத்து டிஸ்க் 330 மில்லிமீட்டர். காற்றுப் போய்ச் சூடு இறங்க, விளிம்பைச் சுற்றி ஆயிரம் சின்னத் துளைகள்.

படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "ஆயிரம் ஓட்டை போட்டும் ஒடையாம நிக்குதா?"

சூடு ஏறாவிட்டால் அது சரியாகப் பிடிக்கவே பிடிக்காது, நன்றாக வேலை செய்ய நூற்றுக்கணக்கான டிகிரி வேண்டும், கடும் பிரேக்கில் ஆயிரம் டிகிரியை எட்டும் என்றேன். வெகுநேரம் பேசவில்லை. நம்ம டிரம்முக்குச் சூடுதான் எமன். சூடானால் பிடிப்பு போய்விடும், மலையில் வண்டி கையைவிட்டுப் போகும். சூட்டை உணவாக வைத்துப் பிழைக்கிற பிரேக் அவருக்குப் புதுசு. சிங்கப்பூரில் அதைக் காப்பாற்றுவதும் லேசில்லை. திருப்பத்துக்குத் திருப்பம் மிதிக்க வேண்டும், இரண்டுக்கும் நடுவே ஆற நேரம் குறைவு, இரவிலும் காற்று வெதுவெதுப்பு.

31 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

ஒரு மாதமாக ராத்திரி கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் நடக்கிறோம். ஒரு சுற்று ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர், ஆக இரண்டு சுற்று வந்தால் சிங்கப்பூரின் ஒரு சுற்று. ஒன்றரை நிமிடத்தில் அவர்கள் முடிப்பதை நாங்கள் ஒன்றேகால் மணி நேரத்தில் முடித்தோம். வாசலிலிருந்து இருக்கைக்கும் நல்ல நடைதான். இரவு பந்தயம் விட்டதும் கூட்டத்தோடு திரும்ப வேண்டும். அப்பா இப்போது நடுவில் உட்காருவதில்லை.

நடந்துகொண்டே நரேன் கார்த்திகேயனைப் பற்றிப் பேசினோம். 2005-ல் ஜோர்டான் அணியின் காரில் நம்ம ஊர்ப் பையன் எஃப்-ஒன்னுக்குள் போன அன்று பட்டறையில் எல்லாருக்கும் ஜிலேபி. 2012 சிங்கப்பூரில் ஹெச்.ஆர்.டி. அணியின் காரில் 18ஆம் திருப்பத்துச் சுவரில் மோதி நின்றார். பார்வையாளர் மேடைக்கு அடியில் புகுந்து போகும் அந்தப் பகுதியே 2023-லிருந்து தடத்தில் இல்லை. நாலு திருப்பத்தை எடுத்துவிட்டு நேராக்கிவிட்டார்கள். அப்பா அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைத்திருந்தார். சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது.

10 செப்டம்பர் 2025, புதன்

விசா வந்துவிட்டது. முகவர் மூலம்தான் விண்ணப்பிக்க வேண்டும். அப்பாவின் போட்டோவை ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள், பின்னணி வெள்ளையாக இல்லை என்று. நானே முதலில் கவனித்திருக்க வேண்டும். சர்க்கரை மாத்திரைக்கு டாக்டரிடம் சீட்டு எழுதி வாங்கி வைத்தேன். மழைக்கு பிளாஸ்டிக் அங்கி இரண்டு, ஏனென்றால் மேடையில் குடை விரித்தால் பின்னால் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. காதுக்கு அடைப்பான். இப்போதைய 1.6 லிட்டர் வி-6 என்ஜின் பழைய வி-10 என்ஜின் அளவுக்கு அலறாது, அப்பாவுக்கு அதில் வருத்தம் உண்டு. இருந்தாலும் மூன்று நாள் கேட்க வேண்டும்.

21 செப்டம்பர் 2025, ஞாயிறு

அஜர்பைஜானின் பாகுவில் நடந்த பந்தயத்தில் மெக்லாரன் ஓட்டுநர் பியாஸ்ட்ரி முதல் சுற்றிலேயே சுவரில். மெக்லாரன் அணிப் பட்டத்தை இன்றே முடித்திருக்கலாம், அது தள்ளிப்போயிற்று. சிங்கப்பூரில் எங்கள் கண்ணெதிரே முடிவாகலாம்! 2008-ல் தொடங்கி 2023 வரை, விபத்து நடந்தால் முன்னால் ஓடி எல்லாரையும் மெதுவாக்கும் பாதுகாப்புக் கார் வராத சிங்கப்பூர் பந்தயமே கிடையாது, போன வருடம்தான் முதன்முதலாக வரவில்லை. இந்த வருடம் எப்படியோ.

இன்னொரு புது ஏற்பாடு. 31 டிகிரியைத் தாண்டும் என்று வானிலை சொன்னால் ஓட்டுநருக்குக் குளிர்ச்சி தரும் உடுப்புக்கான கருவி காரில் இருந்தாக வேண்டும். ஒரே பந்தயத்தில் இரண்டு மூன்று கிலோ வியர்வையாய்ப் போகிற ஊர் அது. எங்களுக்குத் தண்ணீர் பாட்டிலும் துண்டும்தான்.

1 அக்டோபர் 2025, புதன்

ஆயுத பூஜை. லேத், டிரில்லிங் மிஷின், மைக்ரோமீட்டர், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். இன்று எதையும் ஓட்டக்கூடாது. நாளை விஜயதசமிக்கு அப்பாதான் லேத்தை முதலில் ஓட்டித் தொடங்கி வைக்க வேண்டும். அதற்காகவே நாளை இரவு விமானமாகப் பார்த்து எடுத்தேன். இந்த ஒரு விஷயத்தில் அவர் இறங்கி வரவே மாட்டார், நானும் கேட்கவில்லை.

பொரிகடலை கொடுத்து ஆட்களை அனுப்பிவிட்டு, பட்டறை மேஜையிலேயே சிங்கப்பூர் வருகைப் படிவத்தை ஆன்லைனில் நிரப்பினேன். இறங்கும் நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள்தான் அனுப்ப முடியும், அதனால் இன்றைக்காகக் காத்திருந்தேன்.

எனக்கு மிச்சமிருந்த கவலை அப்பாவின் தூக்கம். ஒன்பதரைக்கு மேல் அவர் விழித்திருப்பதில்லை. வெள்ளியும் சனியும் அங்கே மாலையில் ஒருமுறை இறங்கும் கார்கள் இரவு ஒன்பது மணிக்கு மறுபடி இறங்கும். ஞாயிறு பந்தயம் எட்டுக்குத் தொடங்கிப் பத்தை நெருங்கும். ஐரோப்பாவிலிருந்து வரும் அணிகள் கடிகாரத்தை மாற்றாமல் ஐரோப்பிய நேரத்திலேயே தூங்கி எழுந்து வேலை பார்ப்பார்கள் என்று சொன்னேன்.

கையிலிருந்த எச்.எம்.டி. கடிகாரத்தைப் பார்த்தார். "அங்க எட்டுன்னா இங்க மணி என்ன?"

"அஞ்சரைங்கப்பா."

"அப்ப நான் இதை மாத்தல. அஞ்சரைக்கு ரேஸு, ஏழரைக்கு முடிஞ்சுரும். ஒன்பதரைக்குத் தூங்கிக்கறேன்" என்று சொல்லி, சாவி கொடுத்துக் கட்டிக்கொண்டார்.