சில்ஃப்ராவில் முட்டிக்கொண்டு வந்தது

ஐஸ்லாந்து போய் வந்ததிலிருந்து யார் கேட்டாலும் அங்கே டைவ் அடித்த சில்ஃப்ரா என்கிற பாறைப் பிளவின் தண்ணீரைப் பற்றித்தான் பெருமையடித்துக்கொண்டிருக்கிறேன். லாங்யோகுல் பனிப்பாறை உருகி, எரிமலைக் கல்லுக்குள்ளேயே பல பத்தாண்டுகள் ஊறி வடிந்து வருகிற தண்ணீர், 100 மீட்டர் தள்ளி இருக்கிற பாறையும் பளிச்சென்று தெரியும், வாயில் பட்டால் தாராளமாகக் குடிக்கலாம். எல்லாம் உண்மைதான். ஆனால் முதல் டைவில் பாதி நேரம் நான் நினைத்துக்கொண்டிருந்தது டாய்லெட்டை.

தண்ணீர் வருஷம் முழுக்க 2 முதல் 4 டிகிரி, அதனால் டிரைசூட் இல்லாமல் டைவ் அடிக்க விடமாட்டார்கள். அந்தமானில் வெட்சூட்டோடு, அதாவது உள்ளே தண்ணீர் புகுகிற டைவ் உடையோடு பழகியவன் நான். அதில் அவசரம் வந்தால் உள்ளேயே விட்டுவிடலாம் (யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், எல்லோரும் செய்வார்கள்). டிரைசூட் அப்படியில்லை, வெளித் தண்ணீர் உள்ளே வராது, உள்ளே விட்டதும் வெளியே போகாது. குளிருக்குப் போட்ட உள்ளுடுப்பு நனைந்து நடுங்க வேண்டியதுதான். எனக்கு அது வாடகை சூட் வேறு.

வழிகாட்டிப் பையன் "போறவங்க இப்பவே போயிடுங்க" என்று கத்தியபோது போனேன், சத்தியமாகப் போனேன். அப்புறம் கழுத்துக்கும் மணிக்கட்டுக்கும் ரப்பர் பட்டை இறுக்கி, முதுகுப் பக்கம் ஜிப்பை அவன் இழுத்துவிட்டு, சிலிண்டரும் ஈயமும் சுமந்து நடந்து படியிறங்கி, பத்து நிமிஷம்கூட நீந்தியிருக்க மாட்டேன், முட்டிக்கொண்டு வந்தது.

"மூணு காபி குடிச்சா வராம என்ன பண்ணும்ங்க?" என்றாள் மனைவி, கரையேறியதும். காபி மட்டும் காரணமில்லை. தண்ணீருக்குள் இறங்கினால் கைகால் ரத்தம் நெஞ்சுப் பக்கம் ஏறுகிறது, குளிர் அதை இன்னும் தள்ளுகிறது, இதயம் விரிந்ததும் உடம்பில் நீர் கூடிவிட்டது என்று தப்புக் கணக்குப் போட்டு சிறுநீரகம் வேலையை ஆரம்பித்துவிடும். சரி, குடிக்காமலே போய்விடலாமே என்றால் அதுவும் கூடாது. உடம்பில் நீர் வற்றினால் டிகம்ப்ரஷன் நோய்க்கு (ஆழத்திலிருந்து மேலே வரும்போது உடம்புக்குள் வாயுக் குமிழிகள் உண்டாகிற நோய்) வாய்ப்பு கூடும்.

எங்கள் குழுவில் வந்த ஒரு ஜெர்மன் பெரியவர் சூட்டின் தொடையில் சின்னதாக ஒரு வால்வு இருந்தது. கேட்டதும் கூச்சமே இல்லாமல் விளக்கினார். ஆணுறை மாதிரி ஒரு உறையைப் பசையோடு மாட்டி, அதிலிருந்து ஒரு குழாய் அந்த வால்வுக்கு, வருவது அது வழியாக வெளியே போய்விடும். பெண்களுக்கும் ஒட்டிக்கொள்கிற கிண்ணம் மாதிரி ஒன்று உண்டாம். ஒழுங்காக ஒட்டவில்லையென்றால் எல்லாம் சூட்டுக்குள்தான், சாயங்காலம் பிய்த்தெடுக்கும்போது முடியும் சேர்ந்து வரும் என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே பையிலிருந்து பெரியவர்களுக்கான டயப்பர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வால்வு மக்கர் பண்ணினால் உதவும் என்று வைத்திருந்ததாம்.

மானத்தைப் பார்த்தால் ஆகுமா? இரண்டாவது டைவுக்குப் போட்டுக்கொண்டேன். அவர்கள் தந்த ஹாட் சாக்லேட்டையும் தைரியமாகக் குடித்தேன். ஆனால் உள்ளே போனபின் வரவே மாட்டேன் என்கிறது. சின்ன வயசிலிருந்து அடக்கிப் பழகிய உடம்பு, இரண்டு பாறைச் சுவருக்கு நடுவே மிதந்துகொண்டு அதைக் கெஞ்ச வேண்டியிருந்தது. கடைசியில் வந்தது. கொஞ்ச நேரம் வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

அதற்கப்புறம்தான் தலையைத் தூக்கி, பிளவில் கதீட்ரல் என்று சொல்கிற பகுதியை ஒழுங்காகப் பார்த்தேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே நீலம்.