மலைநாட்டில் இருவேளை ஓட்டம்

இலங்கை மலைநாட்டின் ஹட்டன் நகரைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டப் பாதைகளில் சமதரை கிடைப்பது அரிது. அதனால், காலையும் மாலையும் ஓடினால் உடற்தகுதி கூடுமா என்று உடன் ஓடும் தம்பிமார் கேட்கும்போது, கூடும் என்று சொல்லிவிட்டு, மாலையில் எந்தப் பாதையில் ஓடப் போகிறாய் என்று திருப்பிக் கேட்பது என் வழக்கம்.

மேட்டில் ஏறும்போது நெஞ்சு படபடத்தாலும் தசைகளுக்குப் பெரிய சேதமில்லை. இறக்கத்தில்தான், முன்தொடைத் தசைகள் நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தாங்குவதால் நுண்ணிய கிழிசல்கள் உண்டாகி, வலி மறுநாளோ அதற்கடுத்த நாளோ உச்சத்துக்கு வருகிறது. தேயிலை மலைக்குள் இறங்கும் குறுக்குப் படிகளில் காலையில் ஓடியவர், மாலையிலும் அதே படிகளில் இறங்குவது பயிற்சியாகாது. மாலையில் சமதரையில் ஓட நுவரெலியாக்காரர்களுக்குக் கிரகரி வாவிக்கரை இருக்கிறது. எங்களுக்குப் பாடசாலை மைதானம்தான். தண்டவாளத்தை ஒட்டி ஓடுவோரும் உண்டு, அதை நான் ஒருபோதும் ஆதரிப்பதில்லை.

12 கிலோமீற்றரைக் காலையில் 8, மாலையில் 4 என்று பிரித்தால், களைப்பில் கால் தடுமாறும் கடைசிக் கட்டம் பெரும்பாலும் தவிர்க்கப்பட்டு, வாரத்தின் மொத்தத் தூரத்தையும் மெதுவாகக் கூட்ட முடிகிறது. வாரத்துக்கொருமுறை ஓடும் நெடுந்தூர ஓட்டத்தை மட்டும் பிரிக்கக் கூடாது. மாலை ஓட்டம், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தைத் தாண்டவும் வேண்டாம்.

ஏறத்தாழ 2,400 மீற்றர் உயரத்திலுள்ள கென்யாவின் இட்டென் நகரில் ஓட்டவீரர்கள் நாளுக்கு இருமுறை ஓடுவதைப் பலர் எடுத்துக்காட்டுகிறார்கள். அவர்கள் இரு ஓட்டங்களுக்கும் இடையில் உண்டு உறங்குகிறார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. பகல் முழுவதும் மலையில் கொழுந்து பறிப்பவருக்கோ மாலை ஓட்டம் அன்றைய மூன்றாவது வேலை. அப்படிப்பட்டவர்கள் வாரத்தில் இரண்டு நாள் இருவேளை ஓடினாலே போதும். ஓடத் தொடங்கி ஓராண்டு ஆகாதவர்களுக்கு அதுவும் தேவையில்லை.

தசைகளில் சேமித்த மாச்சத்து தீர்ந்தால் முழுமையாக நிரம்ப ஒரு நாள்வரை எடுக்கும் என்பதால், காலை ஓட்டம் முடிந்தவுடன் வெறும் பிளேன்டீயோடு வேலைக்குக் கிளம்பாமல், ரொட்டியும் சம்பலும் வயிறாரச் சாப்பிட வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை இங்கே விடாது பெய்யும்போது, காலையில் நனைந்த சப்பாத்துக்குள் பழைய பத்திரிகைத் தாளைத் திணித்து வைத்தாலும் மாலைக்குள் காய்வதில்லை. ஈரச் சப்பாத்தோடு ஓடிக் குதிக்காலில் கொப்புளம் போட்டுக்கொள்வதை விட, இரண்டாவது சோடி வாங்கும்வரை ஒருவேளை ஓட்டத்தோடு நிற்பதே மேல்.