தொடையில் கொட்டிய தேநீரும் ஐந்து மாதக் கடிதப் போக்குவரத்தும்

எனக்கு நடு இருக்கை. ஜன்னலோரம் இருந்தவருக்குப் பணிப்பெண் தேநீரை என் மடிக்கு மேலாக நீட்டினார். விமானம் லேசாகத்தான் குலுங்கியது. கோப்பை சாய்ந்து மொத்தமும் என் தொடையில் கொட்டிவிட்டது. பெல்ட் போட்டிருந்ததால் சட்டென்று எழுந்திருக்கவும் முடியவில்லை.

ஐஸ் கட்டிகளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். அக்கறைதான், ஆனால் வெந்த தோலில் ஐஸ் வைக்கக் கூடாது. குளிர்ந்த தண்ணீரை 20 நிமிடம் விட வேண்டும். கழிவறைக் குழாயில் தண்ணீர் நூல் மாதிரிதான் வந்தது. பாட்டில் பாட்டிலாகக் கேட்டு வாங்கி ஊற்றினேன்.

வலி கொஞ்சம் அடங்கியதும் தலைமைப் பணியாளரிடம், நடந்ததை எழுதித் தாருங்கள் என்றேன். “நாங்களே ரிப்போர்ட் அனுப்பிடுவோம், கவலைப்படாதீங்க” என்றார். அந்த ரிப்போர்ட் என் கைக்கு வரவே இல்லை. நல்லவேளையாக நேரம், இருக்கை எண், பணிப்பெண்ணின் பெயர் எல்லாவற்றையும் அங்கேயே போனில் எழுதிவைத்தேன், கொப்புளத்தையும் படமெடுத்தேன். பக்கத்து இருக்கைக்காரர் தன் எண்ணைக் கொடுத்தார். இறங்கியதும் நேராக மருத்துவரிடம் போய்ச் சான்று வாங்கினேன்.

விமான நிறுவனத்துக்குப் புகார் எழுதினேன். அவர்களின் முதல் பதில்: குலுக்கலுக்கு நாங்கள் பொறுப்பல்ல, வருத்தத்தின் அடையாளமாக ஒரு பயண வவுச்சர். கூடவே ஒரு படிவம். அதன் அடியில், இனி எந்த உரிமையும் கோரமாட்டேன் என்று ஒரு வரி. கையெழுத்துப் போடப் போனேன். வக்கீல் தோழி ஒருத்திதான் தடுத்தாள்.

சர்வதேசப் பயணத்துக்கு 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் ஒப்பந்தம் இருக்கிறது என்பதே அவள் சொல்லித்தான் தெரியும். விமானத்துக்குள் விபத்தில் காயம்பட்டால் நிறுவனத்தின் தவறை நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. 2024 டிசம்பர் 28 முதல் 1,51,880 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) வரையிலான இழப்பீட்டிலிருந்து, பயணியின் கவனக்குறைவைக் காட்டினால் தவிர அவர்கள் தப்ப முடியாது. வழக்குப் போட 2 ஆண்டு அவகாசம். சூடான காபி சரிந்து ஒரு சிறுமி வெந்துபோன வழக்கும் உண்டு. தட்டுமேசை பழுதா, அதிர்வா என்பது கடைசிவரை தெரியவில்லை. ஆனாலும் அது ‘விபத்து’தான் என்று 2019இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்படியிருக்க, குலுக்கல் என்ற பதில் எனக்கு எப்படிப் பொருந்தும்?

வவுச்சரைத் திருப்பி அனுப்பி, விபத்துக் காயம் பற்றிய ஒப்பந்தத்தின் 17ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, ரசீதுகளோடு மறுபடி எழுதினேன். அப்புறம் பேச்சே மாறியது. மருத்துவச் செலவு, வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம், தழும்புக்கு ஒரு தொகை என்று ஐந்தாவது மாதம் பணம் வந்தது.

தள்ளுவண்டி அருகில் வந்தாலே கால் தானாக ஒடுங்குகிறதே, அதற்கும் கேட்டிருந்தேன். ஒப்பந்தத்தில் ‘உடல் காயம்’ என்றுதான் இருக்கிறது என்று அதை மட்டும் மறுத்துவிட்டார்கள்.