169 புள்ளிகள்

ஜூலை 4

இரண்டாவது கீமோ. போன தடவை அந்தச் சிவப்பு மருந்து ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்ததில் நெஞ்சு படபடத்துப் போனது. டாக்சோரூபிசின். அதன் நிறமே அப்படித்தான், சிறுநீர்கூட ஓரிரு நாள் சிவக்கும்.

இன்று கட்டம் போட்ட நோட்டோடு போனேன். வலப்பக்கம் ஆபரேஷன் ஆனதால் ஊசி இடது கையில். வலது கைக்கு வேலை கொடுத்தேன்: 15 புள்ளி, 8 வரை ஊடுபுள்ளி. மொத்தம் 169. ஒன்று தப்பினாலும் சிக்குக் கோலம் சேராது. புள்ளியை முடித்துக் கோட்டை இழுக்கும்போது, "முடிஞ்சுதுக்கா" என்றார் நர்ஸ். பயம் போய்விடவில்லை. எண்ணும்போது மட்டும் குறுக்கே வரவில்லை.

ஜூலை 7

தூக்கமில்லை. மகள் போனில் ஓர் ஓவியரைப் பற்றிச் சொன்னாள். ஹென்றி மத்தீஸ். 1941இல் வயிற்றில் புற்றுநோய்க்கு ஆபரேஷன். அப்புறம் சக்கர நாற்காலிதான். வண்ணம் பூசிய காகிதங்களைக் கத்தரியால் வெட்டி ஒட்டியே பெரிய பெரிய படங்கள் செய்திருக்கிறார். இறந்தது 1954இல். 13 வருஷம்! அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். பென்சில் பிடிக்கத் தெம்பில்லாததால் நானும் பழைய காலண்டரை எடுத்து மாம்பழங்களாக வெட்டினேன்.

ஜூலை 25

மூன்றாவது. பக்கத்து நாற்காலியில் ஏற்காட்டுப் பெரியவர், காபித் தோட்டத்தில் வேலை பார்த்தவர். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்த களைப்பு முகத்தில். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தேன்.

"எனக்கு வரையத் தெரியாது கண்ணு."

"நல்லா வரணும்னு இல்லீங்க ஐயா. கை ஓடினாப் போதும்."

சில்வர் ஓக் மரம் ஒன்று போட்டார். அதில் மிளகுக்கொடி ஏறியது, இலை இலையாக, ஒவ்வொன்றுக்கும் நரம்பு வைத்து. மருந்து பாட்டில் காலியாகும்போது கொடி பாதி மரம்தான் ஏறியிருந்தது. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கால் ஆடவில்லை.

ஆகஸ்ட் 5

கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா. வெள்ளை அணு குறைந்திருக்கிறது, கூட்டத்துக்குப் போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பிறந்ததிலிருந்து ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. காலையில் அழுதேன்.

சாயங்காலம் என் நோட்டைப் பார்த்து மருமகள் வாசலில் கோலம் போட ஆரம்பித்தாள். ஜன்னலில் இருந்து பார்த்தேன். கீழிருந்து மூன்றாவது வரிசையில் 10 இருக்க வேண்டிய இடத்தில் 9.

"அம்மாடி, ஒரு புள்ளி குறையுது!"

"வந்து எண்ணிச் சொல்லுங்கத்தை."

மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து, முதல் வரிசையிலிருந்து எண்ணினேன்.