புனலூர் தொங்கு பாலத்தடியில் ஒரு டப்பா வேட்டை

கேரளத்துப் புனலூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஆட்டோவில் ஏறாதீர்கள். தொங்கு பாலம் நடக்கிற தூரம்தான். எங்களைக் கடைத்தெரு முழுக்கச் சுற்றிவிட்டு நூறு ரூபாய் கேட்டார் ஒருவர். செங்கோட்டையிலிருந்து மலை தாண்டி வந்த பஸ்ஸுக்கே ஆளுக்கு அவ்வளவு ஆகவில்லை!

வந்தது ஜியோகேச்சிங் ஆட. ஒருவர் டப்பாவை ஒளித்துவைத்து, அட்சரேகையும் தீர்க்கரேகையும் மட்டும் தருவார். கண்டுபிடித்தவர் உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதி, எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். 2000 மே 2 அன்று, பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். துல்லியத்தைக் குறைத்துவைத்திருந்த ஏற்பாட்டை அமெரிக்கா நீக்கியது. மறுநாளே ஆரிகானில் ஒருவர் ஒரு வாளியை ஒளித்துவைக்க, ஆட்டம் பிறந்துவிட்டது.

எங்கள் டப்பாவை ஒளித்தவன் கொல்லத்தில் வேலை பார்க்கும் மச்சான். ரேகைகளின் கடைசி இலக்கங்களுக்குப் பாலம் முடிந்த ஆண்டைப் போடச் சொல்லியிருந்தான். 1877: பதினெட்டு வடக்குக்கு, எழுபத்தேழு கிழக்குக்கு. திருவிதாங்கூருக்காக ஆல்பர்ட் ஹென்றி என்ற பொறியாளர் கல்லடையாற்றின் மேல் கட்டியது. நானூறு அடி நீளம், இரு கரையிலும் கல் கோபுரம், நடுவே இரும்புச் சங்கிலியில் தொங்கும் மரப்பலகைத் தளம். யானைகளை மேலே நடக்கவிட்டு, அவர் குடும்பத்தோடு படகில் பாலத்தடியில் நின்றார் என்பது ஊர்க்கதை. சங்கிலியின் பருமனைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது. இன்று வண்டிகள் பக்கத்துக் கான்கிரீட் பாலத்தில் போகின்றன. இதில் நடக்க மட்டும்தான்.

போன் சில மீட்டர் தள்ளித்தான் காட்டும், மிச்சம் கண்ணின் வேலை. தம்பி புதரைக் கிளறுவதைப் பார்த்து லாட்டரி விற்கும் பெரியவர் வந்துவிட்டார். "எந்தா நோக்குன்னே?" நாங்கள் தமிழில் பேசியதும் அவரும் மாறினார். "நானும் செங்கோட்டைதான் தம்பி. பாம்பு இருக்கும், குச்சியை வைத்துக் கிளறுங்கள்."

கரையோரத் தென்னையின் வேருக்குள் இருந்தது டப்பா. பாலத்தின் கல்லிடுக்கில் வைக்காததற்காக மச்சானைப் பாராட்டுகிறேன். பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் கைவைப்பவர்களுக்கு இந்த ஆட்டத்தில் இடமே கூடாது.

பிறகு கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கும் மீன்கறியும். குடம்புளியின் புளிப்பு நாக்கை விட்டுப் போகவில்லை. ஆட்டோக்காரருக்குக் கொடுத்த பணத்தில் இன்னொரு தட்டு வாங்கியிருக்கலாம்.

நேரமிருந்தால் செங்கோட்டையிலிருந்து ரயிலில் வாருங்கள். 1904இல் திறந்த பாதை, அகலப்பாதையாக மாறி 2018 முதல் முழுமையாக ஓடுகிறது. கழுதுருட்டி அருகே பதின்மூன்று வளைவுப் பாலம் வரும். ஜன்னலோர இருக்கையைப் பிடித்துவிடுங்கள்.