வளவுக்குள் படித்த தாவரவியல்

க.பொ.த. உயர்தர உயிரியலில் முதல்தரம் எனக்கு ‘எஸ்’, அதாவது வெறும் சாதாரண சித்திதான் வந்தது. விழுத்தியது தாவரவியல்தான். காழ், உரியம், மாறிழையம், கேசரம், தம்பம், குறி என்று தாவரப் பகுதிகளின் பெயர்களைக் கொப்பி நிறைய எழுதிப் பாடமாக்கியிருந்தேன். மண்டபத்துக்குள் போனதும் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பிப்போயிற்று. இரண்டாந்தரம் ‘பீ’ எடுத்தேன். இடையில் செய்தது ஒன்றுதான்: கொப்பியைத் தூக்கிக்கொண்டு வளவுக்குள் இறங்கினேன்.

மட்டக்களப்பு மாவட்டத்துக் களுதாவளையில் எங்கள் வளவு முழுக்க மணல். கிணற்றடியில் அம்மம்மா பூசணி போட்டிருந்தா. “பூக்குது, பூக்குது, ஒரு காயும் பிடிக்குதில்ல மனே” என்று கவலைப்பட்டா. போய்ப் பார்த்தால் பூவெல்லாம் மெல்லிய நீண்ட காம்பில் நிற்கின்றன. உள்ளே கேசரம், அதாவது மகரந்தம் தரும் ஆண்பகுதி மட்டும். தொட்டதும் மஞ்சள் தூள் விரலில் ஒட்டியது. இலைகளை விலக்கித் தேடியபோது வேறு மாதிரி ஒரு பூ கிடைத்தது. அல்லிகளுக்கு (பூவிதழ்களுக்கு) கீழே தேசிக்காய் அளவில் ஒரு குட்டிக் காய். அதுதான் பிறகு காயாக வளரும் சூலகம். உள்ளே தடித்த தண்டு போல் தம்பம், அதன் நுனியில் மகரந்தம் ஒட்டும் பிசுபிசுத்த குறி. ஆண்பூவும் பெண்பூவும் ஒரே கொடியில் இருப்பதால் பூசணி ஓரில்லத் தாவரம். முதலில் ஆண்பூக்களே வரும், பதற வேண்டாம். பெண்பூ விரிந்த அன்று விடியற்காலையில் ஆண்பூவைப் பிடுங்கி, அல்லியை உரித்துவிட்டு, கேசரத்தைக் குறியில் மெல்லத் தடவுங்கள். வெயில் ஏற ஏறப் பூ மூடிவிடும்.

பப்பாசியில் பெரும்பாலும் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. அதனால் ஈரில்லத் தாவரம் என்கிறோம். இருபாற்பூ பூக்கும் மரங்களும் உண்டு. கன்றில் பார்த்துச் சொல்ல முடியாது. குழிக்கு மூன்று கன்று வைத்து, பூத்த பிறகு கழியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்திய வீடியோக்களில் சைலம், புளோயம், ஒளிச்சேர்க்கை, மகரந்தத்தாள் என்பார்கள். நம் இலங்கைப் பாடநூலில் அவை காழ், உரியம், ஒளித்தொகுப்பு, கேசரம். வீடியோவைப் பாருங்கள், ஆனால் விடைத்தாளில் நம் சொல்லையே எழுதுங்கள். நான் இரண்டையும் கலந்து எழுதி என்னையே குழப்பிக்கொண்டவன்.

காழும் (நீர் போகும் வழி) உரியமும் (உணவு போகும் வழி) எனக்குப் பிடிபட்டது மாதுளைக் கொப்பில். பதிவைக்கலாம், அதாவது கொப்பு மரத்தில் இருக்கும்போதே அதில் வேர் பிடிக்கவைக்கலாம் என்று ஒரு அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, ஈரத் தும்புத்தூள் வைத்துப் பொலித்தீனால் கட்டினேன். சில வாரம் கழித்து அவிழ்த்தால் ஒரு வேரும் இல்லை. உரித்த இடத்தில் பட்டை திரும்ப மூடியிருந்தது. பிழை எங்கே என்றால், பட்டைக்கு உள்ளே வழுவழுப்பாக ஒரு படை இருக்கிறது, அதை நான் சுரண்டவில்லை. அதுதான் மாறிழையம். வெளியே உரியத்தையும் உள்ளே காழையும் புதிதாக உண்டாக்கிக்கொண்டே இருப்பது அது. மறுமுறை கத்தியின் முதுகால் வெண்மரம் தெரியும்வரை சுரண்டினேன். கொப்பு வாடவில்லை, ஏனென்றால் நீரைக் கொண்டுபோகும் காழ் உள்ளே வெட்டுப்படாமல் இருக்கிறது. இலை செய்த உணவு உரியம் வழியாக இறங்கி, வழி அறுந்த இடத்தில் தேங்குகிறது. அதனால்தான் வேர் வெட்டின் மேல் விளிம்பில் வந்தது. பொலித்தீனுக்குள் வெள்ளை வெள்ளையாக அதைப் பார்த்த நாளுக்குப் பிறகு எது காழ், எது உரியம் என்று நான் தடுமாறியதே இல்லை.

தென்னையை ஏன் ஒட்டுக்கட்ட முடியாது என்பதற்கும் இங்கேதான் விடை இருக்கிறது. அது ஒருவித்திலைத் தாவரம். ஒட்டுப் பொருந்த வேண்டிய அந்த மாறிழையப் படை அதன் தண்டில் இல்லை.

வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் மண் ஈரமாக இருந்தும் நடுப்பகலில் கத்தரி தொய்ந்து நிற்பதைக் கண்டிருப்பீர்கள். வேர் எடுக்கும் நீரைவிட ஆவியுயிர்ப்பால், அதாவது இலை வழியாக ஆவியாகி, இழக்கும் நீர் கூடிவிடுகிறது. அடியில் பொச்சுமட்டை பரப்பி, பின்னேரம் வரை பொறுத்துப் பாருங்கள்.

கடைசியாகக் கிழங்குகள். வத்தாளையும் (சர்க்கரைவள்ளி) மரவள்ளியும் வேர். இஞ்சியும் உருளைக்கிழங்கும் தண்டு. அடுக்களையில் இருந்து ஒரு இஞ்சித்துண்டை எடுத்துக் கணு, செதிலிலை, அரும்பு மூன்றையும் விரலால் தொட்டுப் பெயர் சொல்லுங்கள். பார்த்துப் படம் வரைந்து குறியுங்கள். வரைந்து முடிந்ததும் அதே துண்டை, அரும்பு மேலே பார்க்க, மண்ணில் வையுங்கள்.